கறுப்புக் கண்ணாடி

இரண்டு நாளாக அப்சிடியன் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. வேறொன்றுமில்லை, எரிமலைக் கண்ணாடிதான். சிலிக்கா நிறைந்த கெட்டியான எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறிவிடும். படிகம் கட்ட நேரமே கிடைக்காது. முற்றிய பாகைத் தண்ணீரில் விட்டால் கண்ணாடி மாதிரி இறுகுமே, அப்படி. உடைத்தால் சிப்பி போல வளைவு வளைவாகச் சில்லு தெறிக்கும். விளிம்பு? சவர பிளேடு தோற்கும்.

மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக்குகள் இந்தச் சில்லுகளை மரக்கட்டையின் இருபுறமும் பதித்து வாளாக்கினார்கள். தேய்த்து மெருகேற்றி முகம் பார்க்கும் கண்ணாடியும் செய்தார்கள். அதில் ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. முதலாம் எலிசபெத் ராணியின் ஜோதிடர் ஜான் டீ, ஆவிகளோடு பேசுவதற்காக இதை வைத்திருந்தாராம்! 2021இல் வெளியான எக்ஸ் கதிர் ஆய்வு, கல் மெக்சிகோவின் பச்சூகாவைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. அப்புறம் அந்த ஆவிகள் எந்த மொழியில் பேசினவோ, அஸ்டெக்குகளின் நஹுவாட்டிலா?