கரமும் கையும்

வடஜேர்மனியின் கீல் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக்குள்ளேயே யாராவது ஒருவர் கேட்பார்: "ஹாண்ட்பால் தெரியுமா?" வன்னியால் வந்த ஆளென்றால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். ஹாண்ட் என்றால் கை, பால் என்றால் பந்து, அப்ப கரப்பந்துதானே, வொலிபோல்தானே என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, "ஓமோம், ஊரில ரீமுக்கு ஆடினனாங்கள்" என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக்குள் போய் நெற் எங்கே என்று தேடும் ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நெற் இருக்கிறது. ஆனால் நடுவில் இல்லை. இரண்டு அந்தத்திலும், மூன்று மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமுமான கோல் கம்பத்துக்குப் பின்னால் தொங்குகிறது.

கரம் என்றாலும் கைதான், கை என்றாலும் கைதான். ஆனால் இரண்டு விளையாட்டுக்கும் நடுவில் ஒரு கடலே கிடக்கிறது.

முதல் தடுமாற்றம் பந்திலேயே வரும். கரப்பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர், நிறை 260 முதல் 280 கிராம். ஆண்கள் ஆடும் ஹாண்ட்பால் அதைவிடச் சின்னது, 58 முதல் 60 சென்ரிமீற்றர். நிறையோ 425 முதல் 475 கிராம். சின்னப் பந்துதானே என்று விரலை விறைப்பாக நீட்டினால் பெருவிரல் பின்னுக்கு மடங்கி, அடுத்த நாள் வேலையிடத்தில் பெட்டி தூக்க ஏலாது. இரண்டு பெருவிரலும் கிட்ட வர, மற்ற விரல்கள் விரிய, முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க, வரும் பந்தை நெஞ்சுப் பக்கம் வாங்கியெடுக்க வேண்டும். கேட்க லேசு. வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பத்து வருசம் ஆடிய கைக்கு அது சரிவராது. அங்கே பந்து கையில் ஒரு கணம் தங்கினாலே விசில். இங்கே தங்காவிட்டால் ஏச்சு. பந்து வந்தவுடன் கை தானாகவே தட்டிவிடும், அது எதிராளியிடம் போய்ச் சேரும்.

பிடித்த பிறகு மூன்று செக்கன் வைத்திருக்கலாம், மூன்று அடி வைக்கலாம். ஆறு மீற்றர் கோட்டுக்குள் கால் படக்கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று எழும்பி, காற்றில் நிற்கும்போதே எறிந்துவிட்டு உள்ளே விழலாம். இந்த இடத்தில் எங்கட அடிகாரருக்கு வாய்ப்பு உண்டு. எழும்பி அடிக்கிற கை வீச்சு ஏற்கெனவே இருக்கிறது. பிழைப்பது காலில்தான். கரப்பந்தில் இரண்டு காலாலும் உந்துவோம்; இங்கே வலக்கைக்காரன் இடது காலால் உந்த வேண்டும். பழைய காலடியோடு எழும்பினால் உடம்பு நேராக நிற்கும், தோள் திரும்பாது, எறிக்குப் பலம் வராது. தடுக்க வருகிறவன் நெஞ்சைக் கொடுத்து மறிப்பான், அதுவும் விதிக்குள்தான். நடுவில் நெற் நிற்கும் விளையாட்டில் வளர்ந்த ஆளுக்கு அந்த முதல் மோதல் ஒரு அவமானம் மாதிரியே படும். மோதியவனைக் கோபமாகப் பார்த்தால் அவன் சிரித்துக்கொண்டு கை கொடுப்பான்.

அடுத்தது பிசின். பைன் மரத்துப் பிசினில் செய்த பசை, சின்ன டப்பாவில் வரும். இங்கே ஹார்ட்ஸ் என்பார்கள். சப்பாத்தின் குதிப்பக்கம் ஒரு உருண்டை ஒட்டி வைத்து, ஆட்டத்துக்கு நடுவில் குனிந்து விரல் நுனியில் தொட்டுக்கொள்வார்கள். அது இருந்தால்தான் ஒற்றைக் கையில் பந்து நிற்கும், சுழற்றி எறியலாம். நிலம் நாசமாகிறது என்று பல ஊர் மண்டபங்களில் அதற்குத் தடை. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போகாது, இன்னும் இழுபடும். எண்ணெய்தான் மருந்து. உடுப்பு மாற்றும் அறையில் மற்றவர்கள் விசேசக் களிம்பு தேடும்போது, எங்கட ஆளின் பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தல் வரும். பாலைப்பழக் காலத்தில் சொண்டு இரண்டும் ஒட்டிக்கொள்ள, அம்மா எண்ணெய் தடவி எடுத்துவிட்ட பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாங்குளப் பக்கத்துப் பாலைப்பழத்துக்கும் வடஜேர்மனிப் பிசினுக்கும் ஒரே வைத்தியம்.

இனிக் கழகத்துக்கு வருவோம். கீலில் ஹாண்ட்பால் என்றால் ரிஎச்டபிள்யூ. 1904 பெப்ரவரி 4இல் ஹாசே, வின்ரர்பெக் என்ற இரண்டு சுற்றுப்புறங்களின் பெயரில் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைச் சீருடை, அதனால் வரிக்குதிரைகள் என்பது செல்லப்பெயர். ஆரம்பத்தில் இந்த விளையாட்டு மண்டபத்துக்குள் ஆடப்பட்டதில்லை. உதைபந்தாட்ட மைதானம் அளவான புல்வெளியில், பக்கத்துக்கு பதினொரு பேர். 1948, 1950 ஆண்டுகளில் கீல் ஜேர்மன் சம்பியனானது அந்த வெளிமைதான ஆட்டத்தில். ஹைன் டாலிங்கர் என்ற வீரரின் காலம் அது. மண்டபத்துள் முதல் சம்பியன் பட்டம் 1957இல். பிறகு 1962, 1963. அதோடு 31 வருச வரட்சி.

1994இல் அதை முறித்தவர் பயிற்சியாளர் நோக்கா செர்டாருசிச். 1993இல் வந்து 2008 வரை இருந்தார். அவருடைய அணியின் அச்சாணி சுவீடன்காரர் மக்னுஸ் விஸ்லாண்டர். 1990 முதல் 2002 வரை கீலில் ஆடினார், நூற்றாண்டின் சிறந்த வீரர் என்று உலகச் சம்மேளனம் அவரைத்தான் தெரிவு செய்தது. அவருடைய 2ஆம் இலக்கச் சீருடையை இன்று யாரும் போடுவதில்லை. பிறகு லோவ்கிரன், கரபாட்டிச், கோல் காப்பாளர் ஓமெயர் என்று ஒரு வரிசை. 2007இல் ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக் முதல் தடவை; இறுதியாட்டத்தில் தோற்றது பக்கத்து ஊர்க்காரர் பிளென்ஸ்பூர்க். அடுத்த ஊரைத் தோற்கடித்த ருசி எங்களுக்கு விளங்காததல்ல.

பயிற்சியாளர் அல்பிரெட் கிஸ்லாசனின் கீழ் 2011/12 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் 34உம் வெற்றி. புள்ளி 68:0. ஜேர்மன் கிண்ணமும் சம்பியன்ஸ் லீக்கும் அதே வருசம். அப்போது ஆடிய செக் நாட்டு பிலிப் யீஹா 2019இல் பயிற்சியாளராகி, 2020 டிசம்பரில், பார்வையாளரே இல்லாத கொலோன் அரங்கில் பார்சலோனாவை 33-28 என்று வென்று கழகத்துக்கு நான்காவது சம்பியன்ஸ் லீக்கைக் கொடுத்தார். 2023 வரை ஜேர்மன் சம்பியன் பட்டம் 23. இவ்வளவையும் தடக்காமல் சொல்லத் தெரிந்தால் கீல்க்காரர் ஆகிவிட்டோம் என்று நினைப்பு வரும்.

நினைப்பைக் கெடுப்பது மண்டபம். ஓஸ்ற்சேஹாலே என்பது பழைய பெயர். பால்ரிக் கடலை இவர்கள் கிழக்குக் கடல் என்கிறார்கள், ஆக அது கீழ்க்கடல் மண்டபம். கீழ்க்கடல் என்றதும் முல்லைத்தீவுக்காரனின் மனம் எங்கே போகும்? குண்டு விழுந்து சிதைந்த நகரத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஸில்ட் தீவில் நின்ற ஒரு விமானக் கொட்டகையின் சட்டங்களைக் கழற்றிக் கொண்டுவந்து அதைக் கட்டினார்களாம். இன்று பத்தாயிரம் பேர் இருக்கலாம். மீள்குடியேறிய வருசங்களில் தறப்பாளையும் பழைய தகரத்தையும் எண்ணி எண்ணி அடுக்கிய ஆட்கள், ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பது அதனால்தான்.

இன்னொன்று பெயர் கூப்பிடுவது. டொமாகோய் டுவ்ன்யாக் என்ற வீரர் கோல் போட்ட ஆட்டங்களில் அறிவிப்பாளர் "டொமாகோய்" என்பார், சனம் முழுக்க "டுவ்ன்யாக்" என்று கத்தும். எங்கட முறைப்படி ஒரு ஆளின் மற்றப் பெயர் தகப்பனுடையது. ஊர் மைதானத்தில் ஒருத்தனைத் தகப்பன் பெயர் சொல்லிக் கத்தினால் சுற்றுப்போட்டி அன்றைக்கு முடியாது, பொலிஸ்தான் வரும். இங்கே பத்தாயிரம் பேர் கத்துகிறார்கள், அவன் கையசைக்கிறான்.

குளிர்காலத்தில் இரவு ஏழு மணி ஆட்டமென்றால் வன்னியில் பதினொன்றரை. மின்னொளிக் கரப்பந்தாட்டம் நடக்கும் நாளென்றால் அங்கேயும் மைதானம் விழித்திருக்கும். ஜெனறேற்றர் சத்தத்துக்கு மேலால் போன் வரும்.

"அண்ணை, மச் எப்பிடிப் போகுது?"

"இருபத்தெட்டுக்கு இருபத்தேழு. நாங்கள்தான் முன்னுக்கு."

"அப்ப டியூஸில கிடக்குது. இன்னும் ஒரு பொயின்ற்தானே, விடாதேங்கோ."

விளங்கப்படுத்த நேரமில்லை, நாலு நிமிசம் கிடக்கிறது. "ஓமடா, ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு, அங்கே யார் சேர்விஸ் என்று கேட்பதுதான் நடக்கும்.