கடலூர் ரோட்டைக் கடக்கும், கடலூருக்குப் போகாது

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு கடலூர் ரோட்டின் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் தெரியாமல் இருக்காது. நேற்று சாயங்காலமும் அதில் மாட்டிக்கொண்டேன். விழுப்புரம் பாசஞ்சர் ஆடி அசைந்து குறுக்கே போனது. கடலூர் ரோட்டையே கடக்கிற ரயில், கடலூருக்கு மட்டும் போகாது! ரெண்டு ஊருக்கும் நடுவே 22 கிலோமீட்டர்தான். ரயிலில்தான் போவேன் என்று அடம் பிடித்தால் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டும்.

எங்கள் ஆயா அப்படித்தான் சுற்றியிருக்கிறாள். கடலூர் திருப்பாப்புலியூரில் ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருந்த தங்கை வீட்டுக்கு வருவாளாம். பஸ் என்றால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். அப்போது இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. வழியில் சின்னபாபுசமுத்திரத்தில் வண்டியை நிறுத்தி சுங்கச் சோதனை போடுவார்கள். "முறுக்குத் தூக்கைக்கூட திறக்கச் சொல்லுவான்டா, திறந்தவன் ரெண்டு எடுத்துக்குவான்" என்பாள். 1954 நவம்பரில் ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் அந்தத் தொல்லை போனது.

விழுப்புரம் லைன் வந்தது 1879-இல். 38 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். பிரெஞ்சு மண்ணில் இருந்த பகுதி பாண்டிச்சேரி ரயில்வே என்ற தனிக் கம்பெனியுடையது. வண்டி ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. எனக்கென்னவோ நம்மைவிட மல்லாட்டைக்காகத்தான், அதாவது நிலக்கடலைக்காகத்தான், இதைப் போட்டார்கள் என்று தோன்றும். தென்னாற்காட்டில் விளைந்த மல்லாட்டை மூட்டை மூட்டையாக இங்கே வந்து, கப்பலேறி பிரான்சின் மார்செய் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. சரக்குக்குத் தேவைப்பட்டது உள்நாட்டிலிருந்து கடலுக்கு ஒரு வழி. கடலூரிலோ இங்கிலீஷ்காரனுக்கென்று தனித் துறைமுகம் இருந்தது. அப்புறம் யார் தெற்கே தண்டவாளம் போடுவார்கள்?

புதுச்சேரி ஸ்டேஷனைப் பார்க்க வருகிறவர்கள் பிரெஞ்சு மாளிகையை எதிர்பார்த்து ஏமாந்து போகிறார்கள். எழும்பூர் போல குவிமாடமெல்லாம் கிடையாது, அடக்கமான கட்டடம். சுப்பையா சாலையில் நாலு எட்டு வைத்தால் இருதய ஆண்டவர் கோயில். 1907-இல் கட்டி முடித்த கோதிக் கட்டடம், சிவப்பும் வெள்ளையுமாக. வெளியூர் நண்பன் ஒருவன் அதைத்தான் ஸ்டேஷன் என்று நினைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்த ஸ்டேஷனில் பிடித்தது, வண்டி அதற்கு மேல் போகாது என்பதுதான். தூங்கிப்போனாலும் இறங்கும் இடம் தவறாது. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடல்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில் பாதை போடப்போகிறோம் என்று சொல்லி 15 வருஷத்துக்கு மேலாகிறது. கேட் திறந்ததும் இதைப் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "தம்பி, முதல்ல இந்த கேட்டுக்கு ஒரு பாலம் போடச் சொல்லு" என்றார்.