தொண்ணூற்றைந்து வயதிலும் நடித்தவர்: ஜோஹ்ரா சேகல்

மணிரத்னத்தின் ‘தில் சே’ 1998-ல் ‘உயிரே’ என்ற பெயரில் தமிழிலும் வந்தபோது, அதில் பாட்டியாக நடித்திருந்தவரின் பெயரை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அவர் ஜோஹ்ரா சேகல். அப்போது அவருக்கு 86 வயது. அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் படங்களில் நடித்தார். 2014 ஜூலையில், 102 வயதில், தில்லியில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவருடைய ஆயுளையே வியந்தார்கள். ஆனால் நீண்ட ஆயுள் வாய்த்த நடிகர்கள் அனைவரும் இறுதிவரை நடித்துவிடுவதில்லை. ஜோஹ்ராவுக்கு அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை அவருடைய வாழ்க்கையின் போக்கிலேயே தேட வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில் 1912-ல் பிறந்தவர், லாகூரில் படித்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குச் சென்று மேரி விக்மனின் பள்ளியில் நவீன நடனம் கற்றார். பர்தா வழக்கம் இருந்த ஒரு குடும்பத்திலிருந்து ஓர் இளம்பெண் அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்று நடனம் படித்தது இன்று நினைத்தாலும் பெரிய துணிச்சல். 1935-ல் நடனக் கலைஞர் உதய்சங்கரின் குழுவில் சேர்ந்து பல நாடுகளில் ஆடினார். பிறகு அல்மோராவில் உதய்சங்கர் நடத்திய கலை மையத்தில் ஆசிரியராக இருந்தார். நடிப்புக்கு அவர் நடனத்தின் வழியாகவே வந்து சேர்ந்தார். உடலை நாள்தோறும் பழக்க வேண்டும், அதற்கு விடுமுறை கிடையாது என்ற ஒழுக்கம் இருபது வயதிலேயே அவருக்குள் ஊறிவிட்டது. எழுபது வயதில் தொடங்கும் உடற்பயிற்சிக்கும், ஐம்பது ஆண்டுகளாக விடாமல் தொடரும் உடற்பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு மேடையில் நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

1945-ல் இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூரின் ‘பிருத்வி தியேட்டர்’ நாடகக் குழுவில் சேர்ந்து, ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் நாடெங்கும் ஊர் ஊராகச் சென்று நடித்தார். அங்கே கதாநாயகியாக நடித்துவந்தவர் அவருடைய தங்கை உஸ்ரா. ஜோஹ்ராவுக்கு நடன அமைப்பும், கதையின் ஓரத்தில் நிற்கும் சிறிய வேடங்களுமே பெரும்பாலும் கிடைத்தன. தங்கை மீது தமக்கு இருந்த பொறாமையை அவர் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய நீண்ட நடிப்பு வாழ்வுக்கு அந்த இரண்டாம் இடமே அடித்தளமாக அமைந்தது என்பது என் கருத்து. கதாநாயகியாகவே வாழ்ந்து பழகியவர், முகத்தில் முதல் சுருக்கம் விழும்போது தொழிலையே இழந்துவிட்டதாக உணர்கிறார். குணச்சித்திர நடிகருக்கோ ஒவ்வொரு வயதிலும் ஒரு வேடம் இருக்கிறது. முப்பது வயதிலேயே முதிய பெண்ணாக நடித்துப் பழகியவருக்கு முதுமை வந்து சேரும்போது அது ஏற்கெனவே அறிமுகமான வேடமாக இருக்கும்.

1959-ல் கணவர் காமேஸ்வர் காலமானார். 1962-ல், ஐம்பது வயதில், நாடகக் கலைக்கான உதவித்தொகை பெற்று லண்டன் சென்றார். இந்தியாவில் அத்தனை ஆண்டுகள் மேடையேறியவர் அங்கே புதுமுகம். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் பெயர்கூட நினைவில் நிற்காத துணை வேடங்கள், சில திரைப்படங்களில் ஓரிரு காட்சிகள் என்று ஆண்டுகள் சென்றன. 1984-ல் ஒளிபரப்பான ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடரில் லேடி சாட்டர்ஜி என்ற பாத்திரம்தான் பிரிட்டனில் அவரைப் பரவலாக அறியச் செய்தது. அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகே அவருக்குப் பெயர் கிடைத்தது. அதுவரை சிறிய வேடங்களை மறுக்காமல் ஏற்று, படப்பிடிப்புத் தளத்தோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதால்தான் அந்த வாய்ப்பு வந்தபோது அவர் ஆயத்தமாக இருந்தார்.

மிக முதிய நடிகரிடமிருந்து முதலில் விலகத் தொடங்குபவை நினைவும் மூச்சும். வசனம் மறந்துவிடுமோ என்ற அச்சம் குரலைச் சுருக்கிவிடுகிறது. மூச்சு போதாமல் நீண்ட வாக்கியம் பாதியிலேயே உடைகிறது. ஜோஹ்ரா இவ்விரண்டையும் கவிதையால் காத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். உருதுக் கவிதைகளை மனப்பாடம் செய்து, உரக்கச் சொல்லிப் பார்ப்பது அவருடைய அன்றாடப் பழக்கம். முதுமையில் அவர் மேடையேறி, கையில் தாள் இல்லாமல், ஹஃபீஸ் ஜலந்தரியின் ‘அபீ தோ மைன் ஜவான் ஹூம்’ என்ற கவிதையைச் சொல்லும் ஒளிப்பதிவை எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ‘நான் இன்னும் இளமையோடுதான் இருக்கிறேன்’ என்று பொருள்படும் அந்த வரி திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் அவர் குரலை ஒரே மாதிரி வைப்பதில்லை. ஓரிடத்தில் குறும்பு, ஓரிடத்தில் சவால், ஓரிடத்தில் ஏக்கம். பயிற்சி பெற்ற குரலால் மட்டுமே அது இயலும்.

என்னை மிகவும் நெகிழ வைப்பது ‘ஏக் தீ நானி’ நாடகம். தங்கை உஸ்ரா 1960களில் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். பிரிவினையின் இருபுறமும் சிக்கிக்கொண்ட இரண்டு சகோதரிகளின் கதையை லாகூரின் அஜோகா நாடகக் குழு 1993-ல் அரங்கேற்றியபோது, அந்தச் சகோதரிகளாக ஜோஹ்ராவும் உஸ்ராவுமே நடித்தார்கள். அக்காவுக்கு 81 வயது, தங்கைக்கு 76. ஒருகாலத்தில் ஒருவர் கதாநாயகியாகவும் மற்றவர் ஓரத்திலும் நின்ற மேடைக்குப் பிறகு, இருவரும் சம உரிமையோடு நின்ற மேடை அது. இளைய நடிகைகளுக்கு ஒப்பனை போட்டு இந்தக் கதையை நடத்தியிருக்கலாம். ஆனால் இவ்விருவரும் தங்கள் சொந்த வாழ்க்கையைச் சுமந்து வந்து நின்றதால் கிடைத்த கனம் அதில் வந்திருக்காது. முதிய நடிகர்களுக்காகவே எழுதப்படும் நாடகங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1990களில் இந்தியா திரும்பிய பிறகு இந்திப் படங்கள் அவரைப் பாட்டியாகவே பெரும்பாலும் அழைத்தன. ஆசி வழங்கவும், திருமண வீட்டில் ஆடவும், படுக்கையில் கிடக்கவும் மட்டுமே பாட்டிகளைப் பயன்படுத்தும் கதாசிரியர்கள், இத்தகைய நடிகர் ஒருவர் கையில் இருந்தும் அவரை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் மனக்குறை. 2007-ல் வெளிவந்த ‘சீனி கம்’ அதற்கு ஒரு நல்ல விலக்கு. அதில் அறுபது வயதைக் கடந்த அமிதாப் பச்சனின் தாயாக, மகனை விடாமல் சீண்டும் கூர்மையான பெண்ணாக, கதைக்குள் தமக்கென ஒரு குணத்தோடு வந்தார். அதே ஆண்டில் ‘சாவரியா’. பிருத்விராஜ் கபூரின் கொள்ளுப்பேரன் ரண்பீர் கதாநாயகனாக அறிமுகமான அந்தப் படத்தில், அவருக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மாவாக நடித்தபோது ஜோஹ்ராவுக்கு 95 வயது. 1945-ல் கொள்ளுத் தாத்தாவின் குழுவில் தொழில் செய்தவர், அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கொள்ளுப்பேரனுக்கு இணையாகக் காமிராவின் முன்னால் நின்று, அந்த இளைஞனின் தயக்கத்தையும் துடிப்பையும் தாங்கிப் பிடிக்கும் வகையில் தம் காட்சிகளை நடத்திச் சென்றிருக்கிறார். அதுவே அவருடைய கடைசிப் படம்.