ஃபோர்ட் வொர்த்: பதினொன்றரை மணிக்கு வரும் மாடுகள்

அப்பாவும் அம்மாவும் காங்கேயத்திலிருந்து டாலஸ் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, இந்த ஊர்ல மாடே கண்ணுல படலையே?"

டெக்சாஸில் இருந்துகொண்டு அவரை இப்படிக் கேட்க வைத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அந்த வாரமே நண்பர்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறு ஃபோர்ட் வொர்த் போவதென்று முடிவு செய்தோம். மொத்தம் 11 பேர், அதில் நாலு குழந்தைகள்.

டாலஸிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். 1849-ல் ராணுவ முகாமாகத் தொடங்கிய ஊர். தெற்கு டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயிலடி வரைக்கும் மந்தைகளை ஓட்டிப்போன சிசம் தடம் இதன் வழியாகத்தான் போனது. 1866-லிருந்து 1890 வரை நாற்பது லட்சம் மாடுகளுக்கு மேல் இந்த ஊரைக் கடந்து நடந்திருக்கின்றன. 1876-ல் ரயில் இங்கேயே வந்துவிட்டது. மாடு கடந்துபோகும் ஊர், மாடு விற்கும் சந்தையாக மாறியது. அந்தச் சந்தை இருந்த இடம்தான் ஸ்டாக்யார்ட்ஸ்.

கும்பலாகப் போகும்போது ஒரே ஒரு நேரத்தை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அவரவர் போக்குக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் அனுபவம். இங்கே அந்த நேரம் காலை 11.30. தினமும் அந்த நேரத்திலும், மாலை 4 மணிக்கும் ஸ்டாக்யார்ட்ஸின் எக்ஸ்சேஞ்ச் அவென்யூ தெருவில் லாங்ஹார்ன் என்ற நீளக் கொம்பு மாடுகளை ஓட்டிப்போகிறார்கள். மழையோ மோசமான வானிலையோ என்றால் கிடையாது. அதனால் சனிக்கிழமை தவறினால் ஞாயிறு இருக்கட்டும் என்றுதான் இரண்டு நாளாகப் போட்டேன்.

குழந்தைகளுக்கு ரயிலில் போக ஆசை. டாலஸிலிருந்து டிரினிட்டி ரயில்வே எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை ஓடாது. புதன்கிழமை ராத்திரி கால அட்டவணையைப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. சரி என்று மூன்று காரில் கிளம்பினோம். சாப்பாடு அடுத்த கவலை. ஊர் முழுக்க மாட்டுக்கறிக் கடை, எங்களில் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை. மெக்சிகன் கடைகள் கைகொடுத்தன. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். முதல் நாள் மதியத்துக்கு அம்மா புளிசோறு கட்டிவிட்டார்.

பத்தரைக்குப் போனோம். செங்கல் பாவிய தெரு ஓரத்தில் அம்மாவுக்கு நிழலாக ஓர் இடம் பிடித்தோம். சரியாகப் பதினொன்றரைக்குக் குதிரைமேல் ஆட்கள் வர, நடுவில் மாடுகள் வந்தன. கூட்டம் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. செங்கலில் குளம்பு படும் சத்தம் மட்டும். அப்பா கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணிக்கொண்டே வந்தார். "செவலை... அது மயிலை மாதிரி, ஆனா மயிலை இல்ல... திமிலே இல்லையே கண்ணு!" பத்து நிமிடம்கூட இருக்காது, முடிந்துவிட்டது. மற்றவர்கள் கடைகளுக்குக் கிளம்பினார்கள். அப்பா மாடுகள் போன திசையில் நடந்தார்.

லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் பின்னால் பட்டி இருக்கிறது. நடை முடிந்ததும் மாடுகள் அங்கேதான் நிற்கும், வேலியோரம் நின்று பார்க்கலாம். அந்தக் கட்டடத்தில்தான் அந்தக் காலத்தில் மாட்டு வியாபாரிகள் உட்கார்ந்து விலை பேசினார்கள் என்று சொன்னேன். "துண்டு போட்டா?" என்றார் அப்பா. கண்ணபுரம் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வருஷம் தவறாமல் அங்கே போகிறவர் அவர். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாடு வேலிப் பக்கம் வந்து நின்றது. கொம்பின் அடியில் இருந்த வளையங்களைக் காட்டி, அதன் வயசைக் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். நான் திட்டத்தில் எழுதாத அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் கவ்டவுன் கொலீசியத்தில் ரோடியோ, அதாவது மாடு, குதிரைகளோடு மல்லுக்கட்டும் வீர விளையாட்டு. 1908-ல் கட்டிய அரங்கு, வெள்ளி, சனியில் நடக்கிறது. குதிரையிலிருந்து பாய்ந்து காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் ஆட்டத்தைப் பெயர்பெற வைத்தவர் பில் பிக்கெட் என்ற கறுப்பின மாடுபிடி வீரர். அவர் சிலை வெளியே இருக்கிறது, அதைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். கன்றுக்குக் கயிறு வீசியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பகல் 12 மணிக்கு கிம்பெல் கலைக்கூடம் திறக்கும். நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் இல்லை. அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்த லூயி கான் கட்டியது, 1972-ல் திறந்தது. வளைந்த கூரையின் உச்சியில் நீளமாக ஓர் இடைவெளி விட்டு, அதன்கீழே அலுமினியத் தகடு பொருத்தியிருக்கிறார். வெயில் அதில் பட்டு, கான்கிரீட் கூரைமேல் வெள்ளிபோலப் பரவி இறங்குகிறது. படங்களைவிட அந்த வெளிச்சத்தைத்தான் அம்மா அதிக நேரம் பார்த்தார். ஆனால் அங்கே போவதற்கு முன்னால், அப்பா கேட்டதால், 11.30-க்கு இன்னொரு தடவை மாடுகளைப் பார்த்துவிட்டே போனோம்.

ராத்திரி வீடு திரும்பியதும் அப்பா ஊருக்கு போன் போட்டார். அங்கே திங்கள் காலை ஆறரை, பெரியப்பா பால் கறந்து முடிக்கிற நேரம். "அண்ணா, கொம்பு இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் ஆறடி இருக்கும். நல்ல சாதுவுங்க. திமில் ஒண்ணுதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறிப் போனார்.