ஒரு பாக்கெட்டுக்கு ஐந்து டம்ளர்

2025 சித்திரையில் எங்கள் சின்னவனுக்கு 11 மாதம். ஒரு வியாழக்கிழமை மதியம் ஊட்டிய பருப்புச் சாதத்தை அப்படியே கக்கினான். பொழுது சாய்வதற்குள் நாலு தடவை தண்ணியாகப் போய்விட்டது. நாலு வயதுப் பெரியவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "அம்மா, தம்பி மறுபடியும்" என்று ஒவ்வொரு தடவையும் சேதி சொன்னாள். வீட்டுக்காரருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. கரூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான், மீதிப் பேருக்கு பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனி. அன்றைக்கு ஏதோ வண்டி டெலிவரி என்று அவர் ராத்திரியும் பட்டறையிலேயே இருந்துவிட்டார்.

எனக்குப் பதற்றம் இல்லை. ரெண்டாவது பிள்ளைதானே, எல்லாம் தெரியும் என்ற தைரியம். தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மா கொடுத்த ஓஆர்எஸ் பாக்கெட் (பேதிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்) அலமாரியில் இருந்தது. வெட்டி, ஆறின தண்ணீர் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கி, ஸ்பூனில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துத் துப்பினான். இன்னொரு ஸ்பூன். அதையும் துப்பினான். பிடிவாதம் என்று நினைத்து வாயைத் திறக்கப் பார்த்தேன்.

அத்தை டம்ளரை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். அங்கன்வாடியில் பல வருடம் உதவியாளராக இருந்தவர். "ஏங் கண்ணு, ஊறுகாத் தண்ணியாட்டம் கரிக்குது? கண்ணீர் கரிக்கிற அளவுக்கு மேல போகக்கூடாதே. எத்தனை தண்ணி ஊத்தினே?"

ஒரு டம்ளர் என்றேன். பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அது ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட். பெரியவளுக்கு முன்பு இப்படி வந்தபோது நான் மெடிக்கலில் வாங்கியது 200 மில்லிக்கான சின்னது. அந்தப் பழக்கத்தில் கை தானாக ஒரு டம்ளருக்குப் போய்விட்டது. ஐந்து மடங்கு உப்பு. அவன் துப்பினானே என்று இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். கெட்டியாகக் கலந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி, நீர் இழந்த குழந்தையின் நிலைமை இன்னும் மோசமாகும்.

டம்ளரில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். லிட்டர் பாட்டில் தண்ணீரை எங்கள் எவர்சில்வர் டம்ளரில் அளந்து பார்த்தேன். சரியாக ஐந்து. பெரிய சொம்பில் புதிதாகக் கலந்து மூடி வைத்தேன். கலந்ததைச் சுட வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு தடவை பேதி ஆனதும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக. இந்த முறை குடித்தான்.

எதிர்வீட்டு அக்கா வந்து, "வயித்தைக் காயப் போடு, பாலே குடுக்காதே" என்றார். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தாய்ப்பாலை நிறுத்தாத கண்ணு." சரிங்கத்தை என்றேன். ராத்திரி மூணு மணிக்குள் கணக்கில்லாமல் பால் குடித்தான்.

கணக்கில்லாமல் என்பது பாலுக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் கணக்கு இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி, பேதிக்கு ஒரு பக்கம், ஒண்ணுக்குப் போனதற்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் பென்சிலைப் பெரியவளிடம் கொடுத்தேன். தூங்கும் வரை கோடு போட்டது அவள்தான். பிறகு நான். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்த ராத்திரி நான் அழவில்லை என்று நினைக்கிறேன். பயத்துக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி.

அவன் கண் அயர்ந்த நேரத்தில் போனில் இதைப் பற்றியே படித்தேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தில் பொங்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோக, திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் உப்பு, சர்க்கரைக் கரைசலைப் பெரிய டிரம்களில் கலந்து வைத்தாராம். நோயாளிக்குக் கப்பில் பிடித்துப் புகட்டியது கூட வந்த சொந்தக்காரர்கள்தான். சாவு விகிதம் 30 சதவீதம் அளவிலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த அம்மாக்களில் யாரும் டம்ளர் அளவைத் தப்பாகப் பிடித்திருக்க மாட்டார்கள், டிரம்மிலேயே கலந்து இருந்ததே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று டாக்டரம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உடனே படிந்தது. கண் குழி விழவில்லை, அழுதால் கண்ணீர் வருகிறது. "எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?" என்றார். நான் காலண்டர் தாளை நீட்டினேன். சிரித்துவிட்டு, "இது போதும்மா" என்றார். மலத்தில் ரத்தம் வந்தாலோ, எதையும் குடிக்க மாட்டாமல் துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம், ஸ்பூனில் கரைத்து, தினம் ஒன்று, 14 நாளைக்கு.

அந்தப் 14 நாள்தான் சோதனை. ஞாயிற்றுக்கிழமையே பேதி நின்று, குழைந்த சாதமும் தயிரும் ஒரு வாழைப்பழமும் உள்ளே போய்விட்டது. அப்புறம் எதற்கு மாத்திரை, அதுவும் ஆணியை நக்கின மாதிரி ஒரு ருசி என்று தோன்றும். ஆனால் அடுத்த ரெண்டு மூணு மாதத்தில் பேதி திரும்பி வருவதைக் குறைக்கத்தான் மீதி நாட்கள். கேஸ் சிலிண்டர் பதிந்த தேதியை எழுதி வைக்கும் இடத்திலேயே மாத்திரை அட்டையை ஒட்டி வைத்து 14 நாளையும் முடித்தேன்.

வீட்டுக்காரர் குற்ற உணர்ச்சியோடு ஆரஞ்சு நிற டெட்ரா பாக்கெட் ஆறு வாங்கி வந்திருந்தார். பெட்டியில் பெரிய எழுத்தில் ஓஆர்எஸ் என்று இருந்தது. குடித்துப் பார்த்தால் ஜூஸ். சர்க்கரை அதிகமானால் அதுவே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற வார்த்தையே இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே வருடம் அக்டோபரில் உத்தரவு போட்டது. எங்களுக்கு ஆறு மாதம் லேட். ஆறையும் அவரே குடித்துத் தீர்த்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது எனக்குத் தலை சுற்றியது. முந்தின நாள் மதியத்திலிருந்து நான் குடித்தது ஒரு டீ. பால் மட்டும் பிள்ளைக்குக் கேட்ட போதெல்லாம். அத்தை ஒன்றும் சொல்லாமல் சொம்பில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார். ருசி பார்த்தேன். கண்ணீர் அளவுதான்.

குடித்து முடித்துப் பார்த்தால் பெரியவள் காலண்டர் தாளில் புதிதாக மூணாவதாக ஒரு பக்கம் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அப்பத்தாவுக்கு. காலைலேர்ந்து ரெண்டு தடவை போயிட்டாங்க."