நான்கு மணிக்கான கையொப்பம்

பெரியம்மா இறந்து, அந்தியேட்டிக் கிரியை முடிந்து பந்தல் கழற்றிக்கொண்டிருந்த நேரம் அவருடைய மகளான அக்கா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, "அண்டைக்கு நீ ரிக்கெற்றை எடுத்துப் பார்த்தனி எல்லோ, அதில என்ன கிடந்தது?" என்று கேட்டார். ரிக்கெற் என்பது வைத்தியசாலைக் கட்டிலில் தொங்கும் நோயாளியின் பதிவேடு. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு வந்த கேள்வி. "வழமையா எழுதிறதுதான் அக்கா" என்று சொன்னேன். அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தும் அன்றிலிருந்து அக்காவின் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

2022 ஜூலை மாதம், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம். பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்திருந்தார்கள். அந்தச் சேவையில் இருந்த எங்களுக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைத்தது. 79 வயதுப் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பு இடுப்போடு பொருந்தும் இடத்தில் முறிந்திருந்தது. முதியவர்களுக்கு அந்த முறிவு வந்தால் இரண்டு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்துவிடுவது நல்லது என்று எல்லாத் தாதியருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கு ஒன்பதாம் நாள்தான் நடந்தது. மருந்துத் தட்டுப்பாடு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் முன்னுக்கு நின்ற விபத்துக் காயக்காரர்கள் என்று சொல்லப்பட்ட காரணங்களை அப்போதே ஏற்றுக்கொண்டேன், இப்போதும் ஏற்கிறேன். எங்கள் முறைப்பாடு அதைப் பற்றியதல்ல.

நான் வேறொரு வைத்தியசாலையில் விடுதிப் பொறுப்புத் தாதியாக இருந்தேன். பதினோராம் நாள், காலைக் கடமை ஒரு மணிக்கு முடிய, பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர 2.40 ஆகிவிட்டது. நோயாளர் பார்வை நேரம் அல்ல. வெள்ளைச் சீருடையைக் கண்ட காவலாளி என்னை மறிக்கவில்லை. கட்டிலடியில் பாஸ் எடுத்து இருந்த அக்கா, "காலமை துடக்கம் ஒரு மணம் வருது" என்றார். அந்த மணம் விடுதி வாசலிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இருபத்தெட்டு வருடச் சேவையில் அதை மூக்கு மறக்காது. பெரியம்மாவை மெல்ல இடப்பக்கம் புரட்டினேன். வாலெலும்புக்குச் சற்று மேலே, என் உள்ளங்கை அளவில் தோல் கறுத்துக் கிடந்தது. ஓரம் சிவந்து கசிய, நடுப்பகுதி காய்ந்த மாட்டுத்தோல்போல் விறைத்திருந்தது. இரண்டு குதிகளிலும் ஊதா நிறம் தொடங்கியிருந்தது. பெரியம்மா வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை, உன்ர வெள்ளைச் சட்டை ஊத்தையாகப் போகுது, தள்ளி நில்" என்றுதான் சொன்னார்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் தசை நசிபட்டு இரத்தம் ஓடாமல் நின்றால், சில மணித்தியாலங்களிலேயே அந்தத் தசை சாகத் தொடங்கும். ஈரமும் நீரிழிவும் சேர்ந்தால் இன்னும் விரைவாக. அதனால்தான் தானாகப் புரள முடியாத நோயாளரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, மாற்றிய நேரத்துக்கு நேரே கையொப்பம் இடவேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ரிக்கெற்றை எடுத்து அந்தத் தாளைப் பார்த்தேன். பதினொரு நாளும் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. அன்றைய வரிசையில் 2.00 மணிக்கு எதிரே கையொப்பம் இருந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து அசையாமல் இருந்த அக்கா, ஒருவரும் வரவில்லை என்றார். 4.00 மணிக்கும் 6.00 மணிக்கும் எதிரேயும் அதே நீல மையில், அதே சாய்வில் கையொப்பங்கள் இருந்தன. விடுதிச் சுவரில் மணி மூன்று ஆகியிருக்கவில்லை.

கையொப்பம் இட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். மாணவத் தாதியாக என்னுடைய விடுதியில் மூன்று மாதம் நின்றவர். நோயாளரை எப்படிப் புரட்டுவது, தலையணையை எங்கே கொடுப்பது என்று நான்தான் கைபிடித்துக் காட்டியிருந்தேன். தாளைப் பிடித்தபடி நான் திரும்ப, அவர் பின்னால் நின்றார். அன்று மாலைக் கடமையில் 41 நோயாளருக்கு இரண்டு தாதியரும் ஒரு சிற்றூழியரும். அவர் சாவகச்சேரியில் இருந்து சைக்கிளில் வந்திருந்தார். "என்ன பிள்ளை இது?" என்று மட்டும் கேட்டேன். அவர் அழவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாததே, சிஸ்ரர்?" என்றார்.

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது என்னை அடக்குவதற்காகக் கேட்டதா, என்னிடம் அடைக்கலம் தேடியதா, அல்லது தன் நேரமின்மையைச் சொல்வதற்கு வேறு வார்த்தை இல்லாமல் வந்ததா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்குவது ஒன்றுதான்: எனக்குத் தெரியும். இரவுக் கடமை ஏழு மணிக்குத் தொடங்கும்போதே, விடியும்வரை போகவேண்டிய கையொப்பங்களை இட்டுவிட்டு, பிறகு ஓடி ஓடி வேலை செய்த இரவுகள் எனக்கும் இருந்திருக்கின்றன. கையொப்பம் இட்ட வேலையையும் செய்துவிடுவோம் என்ற எண்ணத்தோடுதான் இட்டோம். பெரும்பாலும் செய்தோம். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய முதுகுகள் இருந்தன என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு அக்கா முறைப்பாடு எழுதச் சொன்னார். "நீ உள்ளுக்க இருக்கிறனி, உனக்குத்தான் எழுதத் தெரியும்" என்றார். சீ.ஆர். கொப்பியில் முதலில் எழுதி, பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்தேன், கையொப்பம் அக்காவுடையது. வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு ஒன்று, மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்குப் பிரதி ஒன்று. திகதி, நேரம், புண்ணின் அளவு, இடம், நிறம், காற்று மெத்தை கேட்டும் கிடைக்காதது, ஈரத் துணி மாற்றாமல் விடப்பட்டது என எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். நான்கு மணிக் கையொப்பத்தைப் பற்றி எழுதிய வசனத்தை மட்டும் பிரதி எடுக்கும்போது விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் போதியளவு நடைபெறவில்லை எனக் கருதுகிறோம்" என்று எழுதினேன்.

கவனக்குறைவு என்றால் எச்சரிக்கையோடு போகும். பொய்ப் பதிவு என்றால் ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம் என்று அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின்படி நடக்கும். அந்தப் பிள்ளையின் வேலையே போகக்கூடும். 41 பேருக்கு இரண்டு பேரைப் போட்டவர்களை அந்தக் குற்றப்பத்திரம் தொடாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இது இன்றும் சரியான வாதமாகவே படுகிறது. ஆனால் அந்த இரவில் கொப்பிக்கு முன்னால் இருந்தபோது அவருடைய வேலையைப் பற்றி மட்டும்தான் யோசித்தேனா? யாராவது என்னுடைய பழைய விடுதித் தாள்களை விரித்துப் பார்ப்பதையும் யோசித்தேன்.

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. பதிவேடுகளைப் பரிசீலித்ததில் நோயாளி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றப்பட்டமை உறுதியாகிறது; வயது, நீரிழிவு, என்பு முறிவு ஆகியவற்றால் புண் ஏற்பட்டிருக்கலாம்; எனினும் ஊழியர்களுக்கு அறிவுறுத்தல் வழங்கப்பட்டுள்ளது. பதிவேட்டை நம்பித்தான் பதிலை எழுதியிருந்தார்கள், அந்தப் பதிவேட்டின்மேல் ஐயம் எழாதபடி எங்கள் கடிதத்தை எழுதிக் கொடுத்தவள் நான். அக்கா அந்தப் பதிலை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்ப நான் அண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தனான்?" என்று கேட்டார். பகலும் இரவும் தாயின் கட்டிலடியில் இருந்த ஒருவரை, தான் கண்டது சரிதானா என்று சந்தேகப்பட வைத்துவிட்டோம். புண்ணைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது, இதில் அந்தப் பிள்ளைக்குப் பங்கு இல்லை.

அதற்குப் பிறகும் வழி இருந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஒருவருடைய மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மற்றவருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று இருக்கிறது. சம்மதம் இருந்தால் அந்தத் தடை இல்லை. பெரியம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது, கையொப்பம் இடவும் முடியும். பிரதி எடுத்து, எந்த நேரத்தில் எத்தனை பேர் கடமையில் நின்றார்கள் என்ற விபரத்தோடு ஒப்பிட்டிருக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போயிருக்கலாம். அக்கா கேட்டபோது, "அது இழுபடும் அக்கா, முதலில் புண்ணைப் பாப்பம்" என்றேன். புண்ணைப் பார்த்தேன் என்பது உண்மை. நாள் தவறாமல் கடமை முடியப் போய்க் கட்டு மாற்றினேன். ஆற ஐந்து மாதம் எடுத்தது.

சொல்லாமல் விட்டால் நியாயமில்லாத இன்னொன்றும் உண்டு. பெரியம்மா வீட்டுக்கு வரும்வரை, தன் கடமை நேரங்களில் அந்தப் பிள்ளை நேரம் தவறாமல் வந்து புரட்டினார் என்று அக்காவே சொன்னார். என் மௌனம் அவரைத் திருத்தியது என்று சில நாட்களில் நினைத்துக்கொள்வேன். நான் பார்த்துவிட்டேன் என்ற பயம்தான் அப்படிச் செய்யவைத்தது என்று வேறு சில நாட்களில் தோன்றும். அப்படியானால் பக்கத்துக் கட்டிலில் கிடந்த, தாதியாக ஒரு சொந்தக்காரி இல்லாத அம்மாவை யார் புரட்டினார்கள்?

1995 ஒக்ரோபரில் போரால் நடந்த யாழ்ப்பாண இடம்பெயர்வில், தென்மராட்சியில் பள்ளிக்கூட வாங்குகளைச் சேர்த்துப் போட்டு நோயாளரைக் கிடத்திப் பார்த்தோம். தாளும் இல்லை, கட்டமும் இல்லை. கையொப்பம் இடாமலே புரட்டினோம். அதை நினைத்துப் பெருமைப்பட வரும்போது, அன்று ஒவ்வொரு நோயாளரோடும் சனம் கூட நின்று கைகொடுத்தது என்பதும் நினைவுக்கு வருகிறது.

அந்த சீ.ஆர். கொப்பி என்னிடம் இருக்கிறது. அக்கா இதை வாசிப்பார். அவர் குசினியில் வைத்துக் கேட்டதற்கான பதில் அதன் நான்காம் பக்கத்தில், நான் வெட்டாமல் பிரதி எடுக்காமல் மட்டும் விட்ட வசனமாக இருக்கிறது: "பிற்பகல் 2.40 மணிக்குப் பார்த்தபோது, அன்றைய பிற்பகல் 4.00 மணிக்கும் 6.00 மணிக்கும் உரிய கட்டங்களில் ஏற்கெனவே கையொப்பம் இடப்பட்டிருந்ததை நோயாளியின் பெறாமகளான நான் நேரில் கண்டேன்."