உட்காரக் கொடுத்த பரிசு

டர்பனில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன். குஜராத்திலிருந்து வந்த குழு ஒன்று இங்குள்ள ஓர் அலுவலகத்துக்குப் பரிசளித்த சங்கேடா ஊஞ்சலைப் பூட்டி நிறுத்தும் வேலை எங்களுக்கு வந்தது. கேள்விப்பட்ட வேலைப்பாடுதான், ஆனால் அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

வதோதராவுக்குப் பக்கத்திலுள்ள சங்கேடாவில், கராதி குடும்பத்தினர் தேக்கைக் கடைந்து இதைச் செய்கிறார்கள். வெள்ளீயத்தைப் பசையில் குழைத்துப் பூவும் கொடியும் எழுதுவார்கள். எழுதும்போது வெள்ளிதான். மேலே அரக்கு ஏறியதும், அதன் தேன் நிறம் பட்டுப் பொன்னாகிவிடுகிறது. அகேட் என்ற வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவதும் உண்டு. ஊஞ்சலின் கால் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கடைசல் வளையத்தின் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறியும் கொடியின் கோடு பிசகவில்லை. இத்தனைக்கும் குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது!

நம் ஊர் ஊஞ்சல் உத்திரத்தில் தொங்கும். இதற்குச் சொந்தச் சட்டமும் கால்களும் உண்டு. பொய்க்கூரை போட்ட அலுவலகத்துக்கு இதுதான் தோது.

சுற்றிலும் கயிறு கட்டிக் காட்சிக்கு வையுங்கள் என்றார்கள் அலுவலகத்தார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2023இல் ஜோகன்னஸ்பர்க் பிரிக்ஸ் மாநாட்டுக்கு வந்த மோடி, தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசாவுக்குப் பிதரி வேலைப்பாட்டுக் (கறுப்பு உலோகத்தில் வெள்ளி இழைப்பது) கூஜா இணை ஒன்றைக் கொடுத்தார். அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம், குறையொன்றும் வராது. ஊஞ்சல் அப்படியல்ல. 2014 செப்டம்பரில் சபர்மதிக் கரையில் ஷி ஜின்பிங்கும் மோடியும் ஊஞ்சலில் அருகருகே உட்கார்ந்திருந்த படத்தை உலகமே பார்த்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வதுதான் அந்தப் பொருளின் வேலை. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த என் உதவியாளனும் விடவில்லை. “ஆடாத ஊஞ்சலுக்கு எதற்கு அண்ணா சங்கிலி?” என்று அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டான்.

வாதாடினால் மட்டும் போதாது, பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஆடும்போது சங்கிலியில் விழும் இழுவை, உட்கார்ந்திருப்பவரின் எடையைவிடக் கூடுதல். ஆகவே மணல் மூட்டைகளை ஏற்றி ஆட்டிக் காட்டினோம். சட்டம் அசையவில்லை, மூட்டுகளில் கிறீச்சென்ற சத்தமும் இல்லை. கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து மாட்டினேன்.

எனக்கு உண்மையான பயம் துப்புரவைப் பற்றித்தான். ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். கைக்குத் தெளிக்கும் கிருமிநாசினியிலும் இருப்பது ஸ்பிரிட்தான். ஈரம் தங்கினால் வெண்மை பூக்கும். டர்பன் கடற்காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே துப்புரவுப் பணி பார்க்கும் அக்காவிடம் காய்ந்த மென்துணியைக் கொடுத்து, எந்தத் திரவமும் படக்கூடாது என்று செய்து காட்டினேன். அவர் காலின் பள்ளங்களை விரலால் துணியைச் சுற்றித் துடைத்த பக்குவத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

கயிறு கட்டவில்லை. வெயில் நேராக விழாத சுவரோரமாக நிறுத்தியிருக்கிறோம். பலகைக்கு மெத்தை தைக்கும் வேலையையும் எங்களிடமே கொடுத்திருக்கிறார்கள்.